மலைக்கிராமத்துல மலேரியா ராபிட் கிட் சரியா காட்டுதான்னு சோதிச்சுப் பாக்குறது எப்படி

ஒடிஷாவுல மல்கான்கிரி மாவட்டத்துல ஒரு மழைக்காலம் முழுக்க லேப் டெக்னீசியனா இருந்தேன். மலேரியா ராபிட் கிட், அதாவது விரல்ல குத்தி ரத்தம் விட்டா கோடு காட்டுற சின்ன டெஸ்ட், கிராமத்துல எவ்ளோ சரியா காட்டுதுன்னு பாக்குற வேலை. அங்க கத்துக்கிட்டத எழுதி வெக்கிறேன், ஏன்னா இந்த வேலைக்குப் போற பசங்க கையில தடியா ஒரு புரோட்டோகால் புத்தகத்த குடுத்து அனுப்பிடறாங்க, அதுல ஃபார்முலா எல்லாம் இருக்கும், ஆனா திண்ணையில உக்காந்து அழுவுற கொழந்தையோட விரல புடிச்சிட்டு இருக்கும்போது எது எது தப்பாப் போகும்னு இருக்காது.

மொதல்ல ஒரு விஷயத்த மனசுல வெச்சுக்கங்க. நீங்க சோதிக்கப் போறது அந்த பிளாஸ்டிக் கேசட்ட மட்டும் இல்ல. அது மாவட்ட ஸ்டோர்லேர்ந்து பிஹெச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்) வந்து, அங்கேர்ந்து துணை நிலையமான சப்சென்டர், அப்புறம் ஆஷா தீதியோட (ஊர் சுகாதாரப் பணியாளர் அக்கா) பையில ஏறி, அவங்க வீட்டு தகரக் கூரைக்குக் கீழ ரெண்டு மாசம் கெடந்து, ஒரு நாள் சாயங்காலம் டார்ச் வெளிச்சத்துல ஒருத்தரோட ரத்தத்த வாங்குது. அந்தப் பாதை, அந்தக் கை, அந்தக் கண்ணு எல்லாம் சேந்ததுதான் டெஸ்ட். ஸ்டோர்லேர்ந்து புதுசா பாக்ஸ் எடுத்துட்டுப் போயி நீங்களே குத்தி நீங்களே படிச்சா நல்ல நம்பர் வரும், ஆனா அது அந்த ஊருக்கான நம்பர் இல்ல.

கிட் எதப் புடிக்குதுன்னு தெரிஞ்சாதான் எங்க ஏமாத்தும்னு புரியும். இந்தியாவுல 2013லேர்ந்து ஃபால்சிபாரம், வைவாக்ஸ்னு ரெண்டு வகை மலேரியா கிருமியையும் காட்டுற பைவேலன்ட் கிட்தான் குடுக்குறாங்க, அதுக்கு முன்னாடி ஃபால்சிபாரம் மட்டும் காட்டுற கிட். இப்ப இருக்குறதுல ஃபால்சிபாரம் கோடு ஹெச்ஆர்பி2ங்குற புரதத்த புடிக்குது, வைவாக்ஸ் கோடு வைவாக்ஸோட பி-எல்டிஹெச் என்சைம புடிக்குது. கிருமிய நேரா பாக்கல, கிருமி விட்ட பொருளத்தான் பாக்குது. ஹெச்ஆர்பி2 கிருமி செத்தப்பறமும் ரத்தத்துல ரெண்டு மூணு வாரம், சில சமயம் ஒரு மாசம் தாண்டியும் சுத்திட்டு இருக்கும், அதனால போன மாசம் மருந்து சாப்ட்டு குணமானவருக்கும் கோடு விழும். எல்டிஹெச் அப்படி இல்ல, கிருமி போனா சீக்கிரமே அதுவும் போயிடும்.

கன்ட்ரோல் கோடு, அதாவது நோய் இருந்தாலும் இல்லாட்டியும் விழ வேண்டிய கோடு, அது பத்தி நெறைய பேருக்கு ஒரு தப்பான நம்பிக்கை இருக்கு, அது வந்துட்டா கிட் நல்லாருக்குன்னு. அப்படி இல்ல. அது பஃபர் (கிட்டோட வர்ற திரவம்) ஓடிச்சு, சாயம் ஒட்டுன ஆன்டிபாடி (கிருமியோட பொருள புடிக்குற புரதம்) வந்து சேந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லுது. ரத்தமே விடாம பஃபர மட்டும் ஊத்துனாலும் கன்ட்ரோல் கோடு விழும், சந்தேகம்னா ஒரு கிட்ட செலவு பண்ணி செஞ்சு பாருங்க, ட்ரெயினிங்ல நான் மொதல்ல காட்டுறதே இதுதான். வெயில்ல டெஸ்ட் கோட்டோட ஆன்டிபாடி கெட்டுப் போயிருந்தாலும் கன்ட்ரோல் கோடு பளிச்சுனு இருக்கலாம்.

அடுத்தது கிட்டப் பத்தி சொல்ற மார்க். உலக சுகாதார நிறுவனம், ஃபைண்ட்ங்குற டெஸ்டுகளுக்கான அமைப்பு, அமெரிக்காவோட நோய்த்தடுப்பு மையமான சிடிசி இவங்க சேந்து 2008லேர்ந்து 2018 வரைக்கும் 8 ரவுண்டு கிட்டுகள சோதிச்சாங்க. அதுல ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல 200 கிருமி இருக்குற சாம்பிள்கள வெச்சு மார்க் போட்டாங்க. 75 சதவீதம் மார்க், தப்பா பாசிட்டிவ் காட்டுறது 10 சதவீதத்துக்குக் கீழ, செல்லாத டெஸ்ட் 5 சதவீதத்துக்குக் கீழ, இதுதான் கட்-ஆஃப். இந்த 75ங்குறத பாத்துட்டு நூறு நோயாளில 25 பேர விட்டுடும்னு எழுதுறவங்கள பாத்திருக்கேன், அது தப்பு. ஒரு சாம்பிளுக்கு ரெண்டு லாட்லேர்ந்து (லாட்னா ஒரே தடவையில தயாரிச்ச தொகுதி) மொத்தம் நாலு கிட் போட்டு, நாலும் பாசிட்டிவ் வந்தாதான் அந்த சாம்பிளுக்கு மார்க். ஒரு கிட்ட இன்னொரு கிட்டோட ஒப்பிடத்தான் அது, உங்க ஊர் சென்சிடிவிட்டி (நோய் இருக்குறவங்கள்ல எத்தன சதவீதம் பேர கிட் புடிக்குதுங்குறது) அதுல கெடைக்காது. அதுக்குத்தான நாம போறோம்.

போறதுக்கு முன்னாடி கேள்விய முடிவு பண்ணுங்க. யார சோதிக்கப் போறீங்க, காய்ச்சலோட வர்றவங்களையா, இல்ல ஊர்ல எல்லாரையுமா? ஒடிஷாவுல 2017லேர்ந்து தமன்னு ஒரு திட்டம் நடக்குது, போக்குவரத்து இல்லாத ஊர்கள்ல காய்ச்சல் இருந்தாலும் இல்லாட்டியும் எல்லாருக்கும் கிட் போட்டு பாத்து மருந்து குடுக்குறது. காய்ச்சல் இல்லாதவங்க உடம்புல கிருமி ரொம்ப கம்மியா இருக்கும், அதே கிட் அங்க கம்மியாதான் புடிக்கும். ரெண்டு கூட்டத்தையும் ஒண்ணா கலந்து ஒரே சதவீதம் போட்டா அது எந்தக் கூட்டத்துக்கும் பொருந்தாது. தனித்தனியா எடுங்க, தனித்தனியா எழுதுங்க.

எத்தன பேர் வேணும்? சென்சிடிவிட்டி 95 இருக்கும்னு எதிர்பாக்குறீங்க, முன்ன பின்ன 5 சதவீதத்துக்குள்ள தெரியணும்னா, 1.96 ஸ்கொயர பெருக்கல் 0.95 பெருக்கல் 0.05 போட்டு, 0.05 ஸ்கொயரால வகுத்தா 73 வரும். இது 73 ஜுரக்காரங்க இல்ல, உண்மையிலேயே மலேரியா இருக்குற 73 பேர். காய்ச்சல்காரங்கள்ல பத்துல ஒருத்தருக்கு மலேரியான்னா 730 பேர பாக்கணும். ஃபால்சிபாரத்துக்குத் தனியா, வைவாக்ஸுக்குத் தனியா இந்தக் கணக்கு போடணும். ஒரு வாரம் கேம்ப் போட்டு 150 பேர பாத்துட்டு வந்து சதவீதம் எழுதுறது அந்த ஜனங்க குடுத்த ரத்தத்துக்கு மரியாதை இல்லைனு நான் நெனைக்கிறேன், நேரம் இல்லைன்னா ஊர்களோட எண்ணிக்கைய கொறைங்க, நாள கொறைக்காதீங்க.

எதோட ஒப்பிடப் போறீங்கன்னும் முடிவாகணும். கிராமத்துல நடக்கக்கூடியது மைக்ரோஸ்கோப் ஸ்லைடு, கூடவே ஃபில்டர் பேப்பர்ல ஒரு சொட்டு ரத்தம் காய வெச்சு பிசிஆருக்கு (கிருமியோட மரபணுவ தேடுற லேப் டெஸ்ட்). ரெண்டும் ஒரே குத்துல எடுக்கணும். ஸ்லைடு மட்டும் வெச்சா, கிட் புடிச்சு ஸ்லைடு விட்டதெல்லாம் கிட்டோட தப்பா கணக்காயிடும்.

கிட் எடுக்குறப்ப ஒரே லாட் எடுக்காதீங்க, ரெண்டு லாட்டாவது வேணும். பாதி கிட் மாவட்ட ஸ்டோர்லேர்ந்து, பாதி ஏற்கனவே ஆஷாக்கள் பையில கெடக்குறதுலேர்ந்து. எது எங்கேர்ந்து வந்ததுன்னு நோட்டுல குறியீடு போட்டு எழுதுங்க. கவர் மேல எத்தன டிகிரி வரைக்கும் தாங்கும்னு போட்டிருப்பாங்க, சிலதுல 30, சிலதுல 40. பைக்குள்ள வெப்பத்த தானா பதிவு பண்ற ஒரு சின்ன டேட்டா லாக்கர் போட்டு விடுங்க, விலை கம்மிதான், ஒரு மாசம் கழிச்சு கிராஃப்ப பாத்தா மதியம் தகரக் கூரை வீட்டுல என்ன ஏறுதுன்னு தெரியும். நாங்க பாத்த வரைக்கும் அதே ஊர்ல கூரை வேய்ஞ்ச வீட்டுல வெச்ச பாக்ஸ் எவ்வளவோ பரவால்ல. ரெண்டு இடத்துக் கிட்டையும் பின்னாடி லேப்ல மைக்ரோலிட்டருக்கு 200, 2000 கிருமி இருக்குற சாம்பிள் வெச்சு ஒண்ணா போட்டு பாக்க சொல்லுங்க, வெயில்ல கெட்டதா இல்ல ஆள் தப்பான்னு அப்பதான் பிரிக்க முடியும்.

எதிக்ஸ் கமிட்டி அனுமதி, ஒப்புதல் எல்லாம் சொல்லவே தேவையில்ல. ஆனா ஒப்புதல் படிவத்த ஒடியாவுல எழுதிட்டா முடிஞ்சதுன்னு நெனைக்காதீங்க, கோயா, போண்டா ஜனங்க பேசுறது வேற மொழி, அந்த ஊர்ல ஒருத்தர கூப்பிட்டு அவங்க வாயால சொல்ல வைங்க. எத்தன குத்து, எத்தன சொட்டு, எப்ப ரிசல்ட் சொல்லுவோம். கடைசி கேள்விக்கு உண்மையான பதில் சொல்லணும்.

இப்ப அன்னிக்கு காலைல நடக்குற வேலை. நெழல் இருக்குற, காத்து அடிக்காத எடமா உக்காருங்க. ஆஷா தீதிதான் கிட் போடணும், நீங்க இல்ல. அவங்க வழக்கமா எப்படி செய்றாங்களோ அப்படியே செய்யட்டும், நடுவுல திருத்தாதீங்க, தப்ப பாத்தா நோட்டுல எழுதுங்க (ஊசி, ரத்தம் சம்பந்தமா ஆபத்துன்னா மட்டும் நிறுத்துங்க). இது கஷ்டம், கை பரபரன்னு இருக்கும். ஆனா அவங்க நாளைக்கு நீங்க இல்லாதப்பவும் அப்படித்தான் செய்வாங்க, அதத்தான் நாம அளக்க வந்திருக்கோம்.

எதையெல்லாம் கவனிக்கணும்னா: கவர் கிழிக்கிறதுக்கு முன்னாடி தேதி பாத்தாங்களா, உள்ள இருக்குற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட நெறம் மாறியிருந்தா ஒதுக்கினாங்களா, ஸ்பிரிட் காயுற வரைக்கும் காத்திருந்தாங்களா (ஈரத்துல குத்துனா ரத்தம் முத்து மாதிரி நிக்காது, விரல் முழுக்க பரவிடும்), மொத சொட்ட தொடச்சாங்களா. ரத்தம் 5 மைக்ரோலிட்டர்தான் வேணும், அதாவது ஒரு கடுகத் தாண்டாத அளவு. கம்மியா விட்டா கோடு வராது, அதிகமா விட்டா பின்னணி செவந்து போயி மெல்லிசு கோடு தெரியாது. ரத்தம் எடுக்க குடுக்குற சாமான் ஒவ்வொரு கிட்டுல ஒவ்வொண்ணு: லூப், பிளாஸ்டிக் பிப்பெட், கேப்பிலரி, கவுத்து வெச்ச கப் மாதிரி ஒண்ணு. எனக்குப் புடிச்சது அந்த கப், தொட்டா அளவு தானா ஏறுது. பிப்பெட்ட பிழியறதுல எவ்ளோ விடுறோம்னே தெரியாம போயிடும், வயசான தீதிங்களுக்கு ரொம்பவே சிரமம். இதெல்லாம் மதிப்பீட்டுல சேரணும், கிட்டோட வேதியியல் எவ்ளோ நல்லாருந்தாலும் கைக்கு வராத சாமான குடுத்தா பிரயோஜனம் இல்ல.

பஃபர் பாட்டில் கடைசில தீந்து போயி நாலு கிட் மிச்சம் இருக்கும், அப்ப பக்கத்து கம்பெனி பாக்ஸ்லேர்ந்து பஃபர எடுத்து ஊத்துறது நடக்கும், சில எடத்துல சலைன், தண்ணியே கூட. அப்படி செஞ்சா மலேரியாவே இல்லாதவங்களுக்கும் கோடு விழும். ஒரு பாக்ஸ்ல எத்தன கிட், பஃபர் எத்தன பேருக்கு வருதுன்னு எண்ணிப் பாத்து எழுதுங்க.

டைமர். கவர்ல எத்தன நிமிஷம்னு போட்டிருக்கோ அத்தன நிமிஷம், எங்க கிட்டுக்கு 20. சீக்கிரம் படிச்சா மெல்லிசு கோடு வந்திருக்காது, ரெண்டு மணி நேரம் கழிச்சு படிச்சா காஞ்ச ரத்தம் திரும்பி ஓடி இல்லாத கோட்ட காட்டும். ஒரே சமயத்துல எட்டு பேருக்கு போட்டா கடைசி ஆளோட கிட்ட படிக்கிறப்ப மொத ஆளோடது முப்பது நிமிஷம் ஆயிடும், அதனால ஒரு தடவைக்கு நாலுக்கு மேல வேணாம்னு நாங்க வெச்சுக்கிட்டோம். கேசட் மேல பேனாவுல நம்பரும் நேரமும் எழுதுங்க, பேப்பர்ல இல்ல, கேசட் மேலயே.

படிக்கிறது ரெண்டு பேர், தனித்தனி சீட்டு, பேசிக்கக்கூடாது. ஒருத்தர் ஆஷா, ஒருத்தர் நீங்க. மெல்லிசு கோடுன்னாலும் பாசிட்டிவ்தான், இதுல மாத்துக் கருத்தே இல்ல. எனக்கு மறக்கவே முடியாத ஒரு கேசட் இருக்கு. ஆறு வயசு பொண்ணு, காய்ச்சல் மூணாவது நாள், நான் பாத்தேன், கன்ட்ரோல் கோடு மட்டும்தான் தெரிஞ்சுது, நெகட்டிவ்னு எழுதி சீட்ட மடிச்சுட்டேன். அந்த தீதி கேசட்ட எடுத்து வாசப்பக்கம் வந்து, வெளிச்சத்துக்கு லேசா சாய்ச்சு, மூக்குகிட்ட கொண்டு போயி ரொம்ப நேரம் பாத்தாங்க. அவங்க சீட்டுல ஃபால்சிபாரம் எடத்துல ஒரு கோடு. ஸ்லைடு ரிசல்ட் வந்தப்ப 200 வெள்ளணுக்கு 5 கிருமி, கணக்கு போட்டா மைக்ரோலிட்டருக்கு 200. கிட் எந்த அளவுல புடிக்கணும்னு உலகம் முழுக்க மார்க் போடுறாங்களோ சரியா அந்த அளவு, கிட் புடிச்சிருக்கு, அவங்க கண்ணும் புடிச்சிருக்கு, என் கண்ணு விட்டுடுச்சு. அன்னிலேர்ந்து நான் வாசல்ல வந்துதான் படிக்கிறேன், ரெண்டு பேர் சீட்டும் எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு தனியா ஒரு டேபிளும் போடுறேன்.

ஸ்லைடு விஷயத்துக்கு வருவோம். ஒரே ஸ்லைடுல திக் ஸ்மியர் (தடிப்பா தடவுன ரத்தம்), தின் ஸ்மியர் (மெல்லிசா தடவுனது) ரெண்டும். தின் ஸ்மியர மெத்தனால்ல ஃபிக்ஸ் பண்ணுங்க, அதாவது ரத்தம் கரையாம ஒட்ட வைங்க, திக்குல ஒரு சொட்டு மெத்தனால், ஏன் அதோட ஆவி பட்டாலே வீண். காய வெக்கிறப்ப மூடி வைங்க, ஈ எறும்பு வந்து ரத்தத்த அப்படியே தின்னுட்டுப் போயிடும், கண்ணாடி மட்டும் மிஞ்சும், நெசமாத்தான் சொல்றேன். வெக்கையில திக் ஸ்மியர் நாலஞ்சு நாள் கெடந்தா தானாவே ஃபிக்ஸ் ஆயிடும், அப்புறம் ஸ்டெயின்ல (சாயம் போடுறப்ப) சிவப்பணு கரையாது, ஒண்ணும் தெரியாது. எங்களுக்கே ஒரு தடவ மழையில ரோடு அறுந்து ஸ்லைடு பெட்டி ஆறு நாள் ஒரு சப்சென்டர்ல நின்னுடுச்சு. கட்-ஆஃப் ஏரியான்னு சொல்வாங்க, பாலிமேளா அணைத் தண்ணி சூழ்ந்த பக்கம், 2018ல குருப்ரியா பாலம் வந்தப்பறம் படகு இல்லாம போக முடியுது, ஆனாலும் உள்ள ஊர்களுக்குப் போற மண் ரோடு மழைய தாங்காது. அந்தப் பெட்டில இருந்த அம்பது சொச்சம் ஸ்லைடும் போச்சு. ஃபில்டர் பேப்பர் இருந்ததால அந்த ஆளுங்க கணக்குலேர்ந்து விழல. அதுக்கப்புறம் ஜீம்சாங்குற சாயப் பவுடரும் பஃபர் மாத்திரையும் கையோட எடுத்துட்டுப் போயி அன்னன்னிக்கு ராத்திரியே ஸ்டெயின் பண்ண ஆரம்பிச்சோம்.

ஸ்லைடு பாக்குறவருக்கு கிட் ரிசல்ட் தெரியவே கூடாது. ரெண்டு பேர் பாக்கணும், ஒத்துப்போகலன்னா மூணாவது ஆள். நெகட்டிவ்னு எழுதுறதுக்கு முன்னாடி 200 ஃபீல்டாவது (மைக்ரோஸ்கோப்ல ஒரு தடவைக்குத் தெரியுற வட்டம்) பாக்க சொல்லுங்க. கிருமி எண்ணுறப்ப எண்ணுன கிருமிய எண்ணுன வெள்ளணுவால வகுத்து 8000ஆல பெருக்குங்க, மைக்ரோலிட்டருக்கு எத்தனன்னு கெடைக்கும்.

ஃபில்டர் பேப்பர் சொட்டு நல்லா காயணும், மழைக்காலத்துல மூணு நாலு மணி நேரம் ஆகும், காஞ்சப்பறம் ஒவ்வொண்ணா தனி ஜிப் கவர்ல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. ஈரத்தோட மூடுனா பூஞ்சை.

இப்ப கணக்கு. ஒரு உதாரணம் போடுறேன், நம்பர் புரியறதுக்காக நானா வெச்சது. 600 காய்ச்சல்காரங்க, ஸ்லைடுல 80 பாசிட்டிவ். அதுல கிட் 74ஐ புடிச்சுது. மீதி 520 நெகட்டிவ்ல 13 பேருக்கு கிட் தப்பா கோடு காட்டுச்சு. சென்சிடிவிட்டி 74ஐ 80ஆல வகுத்தா 92.5, ஸ்பெசிஃபிசிட்டி, அதாவது நோய் இல்லாதவங்கள்ல எத்தன சதவீதம் பேருக்கு கிட் இல்லைன்னு சரியா சொல்லுதுங்குறது, 507ஐ 520ஆல வகுத்தா 97.5. இத மட்டும் எழுதி நிறுத்தாதீங்க, 92.5ங்குறது 80 பேர வெச்சு வந்தது, உண்மை 84.6லேர்ந்து 96.5க்குள்ள எங்க வேணா இருக்கலாம், அதையும் சேத்து எழுதணும். அப்புறம் பாசிட்டிவ் வந்த 87 பேர்ல 74 பேருக்கு உண்மையா மலேரியா, அதாவது 85 சதவீதம், நல்லாத்தான் இருக்கு. ஆனா இதே கிட்ட மலேரியா கொறஞ்ச சீசன்ல போடுங்க, 1000 பேர்ல 10 பேருக்குத்தான் மலேரியா. ஒம்போது பேர புடிக்கும், மீதி 990ல 25 பேருக்கு தப்பா கோடு விழும், ஆக 34 பேர்ல 9 பேருக்குத்தான் உண்மை. கிட் மாறல, ஊர்தான் மாறிருக்கு. நம்ம சென்னை மாதிரி வைவாக்ஸ் தான் பெரும்பாலும் இருக்குற எடத்துல மல்கான்கிரி ரிப்போர்ட்ட வெச்சு முடிவெடுக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கும் இதுதான் காரணம்.

ஒத்துப்போகாத ஒவ்வொரு கேஸையும் தனியா எடுத்து வெச்சு பாருங்க, என்னக் கேட்டா மொத்த வேலைலயும் நெறைய கத்துக்குடுக்குறது இந்த பத்து இருபது கேஸ்தான். கிட் பாசிட்டிவ், ஸ்லைடு நெகட்டிவ்னா மொதல்ல கேக்க வேண்டியது, போன ஒரு மாசத்துல மலேரியா மருந்து சாப்ட்டீங்களா. இந்தக் கேள்விய ரத்தம் எடுக்குறப்பவே ஃபாரத்துல எழுதியிருக்கணும், அப்புறம் போயி கேட்டா ஞாபகம் இருக்காது. மாத்திரை அட்டைய எடுத்து காட்டச் சொல்லுங்க, பேர் தெரியாட்டியும் அட்டைய அடையாளம் சொல்வாங்க. கிட் நெகட்டிவ், ஸ்லைடு பாசிட்டிவ்னா கிருமி எண்ணிக்கைய பாருங்க. ரொம்ப கம்மின்னா கிட்டோட எல்லை அவ்ளோதான். ரொம்ப அதிகமா இருந்தா, ஆமா அதிகமா இருந்தாலும், ஹெச்ஆர்பி2 அளவு மீறிப் போயி கோடு மங்கும், சில சமயம் சுத்தமா வராது. இதுக்கு புரோசோன்னு பேரு. கொழந்தை மயங்கிக் கெடக்குது, கிட் நெகட்டிவ்னா நம்பிடாதீங்க, ரத்தத்த சலைன்ல பத்து மடங்கு கரைச்சு இன்னொரு கிட் போட்டா கோடு பளிச்சுனு வரும், ஆனா அதுக்காகக் காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க.

எண்ணிக்கை நடுத்தரமா இருக்கு, கிட் நல்லாருக்கு, ரெண்டு தடவை போட்டும் ஃபால்சிபாரம் கோடு வரலன்னா அந்த ஃபில்டர் பேப்பர தங்கம் மாதிரி பாத்துக்கங்க. அந்தக் கிருமிக்கு ஹெச்ஆர்பி2 ஜீனே இல்லாம இருக்கலாம். பெரு நாட்டோட அமேசான் பக்கத்துல இப்படி இருக்குன்னு 2010ல சொன்னாங்க, எரித்ரியாவுல இது ரொம்ப அதிகமாகி 2016ல ஹெச்ஆர்பி2 மட்டும் பாக்குற கிட்டையே மாத்த வேண்டியதாயிடுச்சு. இந்தியாவுலயும் சில மாநிலங்கள்ல கொறஞ்ச அளவுல பாத்திருக்காங்க. இந்த ஜீன் இல்லாததால கிட் விட்டுப்போறது 5 சதவீதத்த தாண்டுனா கிட்ட மாத்தணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. உங்க கையில இருக்குற அந்த ஒரு பேப்பர் அந்த முடிவுக்குள்ள போற ஒரு புள்ளி.

கடைசியா ஒண்ணு, இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். கிட்டுல நெகட்டிவ்னு சொல்லி வீட்டுக்கு அனுப்புன சில பேருக்கு ஸ்லைடுல பாசிட்டிவ் வரும், வந்தே தீரும், அதக் கண்டுபுடிக்கத்தான் போயிருக்கோம். அவங்க பேரு, வீடு, எந்தப் பாறைகிட்ட, எந்த மரத்துகிட்ட, மொபைல் இல்லன்னா யார்கிட்ட சொல்லி அனுப்பணும், எல்லாத்தையும் மொத நாளே ஒரு தனி நோட்டுல எழுதுங்க. ஸ்லைடு ரிசல்ட் 48 மணி நேரத்துக்குள்ள வர்ற மாதிரி ஆள் போடுங்க, பட்ஜெட்ல பெட்ரோலுக்குன்னு காசு ஒதுக்குங்க. ரிசல்ட் வந்த அன்னிக்கே தேசிய விதிமுறைப்படி மருந்தோட ஒருத்தர் கெளம்பணும். அந்த நோட்டுல ஒவ்வொரு பேருக்கு நேராவும் மருந்து குடுத்த தேதி விழுந்தப்பறம் டேபிள் போட உக்காருங்க.